கடைசி வரிசைக்காரியின் வயிற்றெரிச்சல்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பு. தலைமுடியில் பஞ்சுத் தூசி. முன் சீட்டில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இயர்போன் இல்லை. பஸ்ஸுக்கே கேட்டது.

"மூணு வாரமா அந்த மாமியா பாயசத்துல விஷம் கலக்கிட்டே இருக்கா. மூணு வாரம் வச்ச பாயசத்துக்கு விஷம் வேற எதுக்கு?"

அந்தப் பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் சொன்ன வார்த்தை. அதற்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஒரு சீரியலைப் பற்றி நான் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் போனிலிருந்து வந்தது. குரல் மட்டும் என்னுடையது இல்லை.

"யாரும்மா இது?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"ஜெயராணி டீச்சர், ஆன்ட்டி. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்தான். படம், சீரியல் எல்லாத்தையும் சூப்பரா பிரிச்சு மேய்வாங்க. நீங்க பாத்ததில்லையா?"

"பாத்ததில்ல" என்றேன்.

நாற்பது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு படம் பார்த்தவள் நான்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் பார்த்த படங்களைப் பற்றி எழுதுகிறேன். கூட வந்தவளை மட்டும் 'ஒரு தோழி' என்று எழுதிக் கடந்துபோனேன். கோவில்பட்டி வாசகி ஒருவர், "அந்தத் தோழிக்குப் பெயரே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். உண்டு. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

குறை பார்க்கிற கண்

நூல் மில்லில் நான் வைண்டிங் பிரிவு, நூலைக் கோனில் சுற்றுகிற இடம். இப்போது சூப்பர்வைசர் என்று பெயரே தவிர, செய்கிற வேலை பழையதுதான். ஓடுகிற நூலில் எங்கே மெலிசு, எங்கே தடித்த முண்டு, எங்கே முடிச்சு சரியில்லை என்று பார்ப்பது. முப்பது வருஷம் அதையே பார்த்த கண்ணை தியேட்டர் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது.

படங்களின் பெயரை நான் எழுதுவதில்லை என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எழுதினால் ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

போலீஸ் படங்களில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் கதாநாயகனுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. எனக்கு இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும். நன்றாக நடிக்கத் தெரிந்த ஒருவர் கதையில் வேலையே இல்லாமல் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தால் அவர்தான் கொலைகாரர். சும்மா டீ குடிக்கவா அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

எங்கள் பக்கத்துக் கதை என்று எடுக்கிற படங்களில் எல்லோரும் 'ஏலே' என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எங்கள் ஊரில் 'ஏலே' என்று மெதுவாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும். இதை அந்த டைரக்டர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகள் இன்னொரு ரகம். பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே அதன் அப்பாவின் கஷ்டத்தைக் காட்டிவிடுகிறார்கள். பொறவு சுதி விலகினால் யார் கேட்பது? நடுவர் அழுகிறார், அம்மா அழுகிறாள், நான் மட்டும் 'சரணத்தில் தப்பு' என்று டிவியைப் பார்த்துச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

வெப் சீரிஸ் என்று பிள்ளைகள் போட்டுக் காட்டியதில், எட்டுப் பகுதியில் ஐந்து பகுதி பனிமூட்டம். அதற்குள் யாரோ மெதுவாக நடந்துகொண்டே இருந்தார்கள்.

குறை மட்டும்தான் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்னப் படம் வந்தது. அதில் மில் வேலைக்குப் போகிற பெண், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் முதலில் இரண்டு காதையும் உள்ளங்கையால் தேய்த்துக்கொள்வாள். மிஷின் சத்தத்தில் நின்றவளுக்குத்தான் அது தெரியும். எங்கேயோ ஒருத்தர் உட்கார்ந்து எங்களைப் பார்த்திருக்கிறார் என்று மனசு நிறைந்துபோனது. அந்தப் படத்தை மூன்றாம் நாள் தியேட்டரை விட்டு எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். ஜெயராணியிடம்.

அழுகிறவளும் பார்க்கிறவளும்

ஜெயராணிக்குப் பிறந்த ஊர் வ. புதுப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி என்னோடு படித்தாள். நான் உள்ளூர். பத்தாம் வகுப்பில் ஒருநாள் கடைசி பீரியட் டிராயிங். டீச்சர் வரவில்லை. இரண்டு பேரும் நழுவி மேட்னிக்குப் போனோம். படம் பாதி ஓடியிருந்தது. நாங்கள் உட்கார்ந்த செத்த நேரத்தில் படத்தில் ஒரு நாய் வண்டியில் அடிபட்டது. அவ்வளவுதான், ஜெயராணி அழ ஆரம்பித்தாள். நாய் அடுத்த சீனில் பிழைத்துவிட்டது. இவள் அழுகை நிற்கவில்லை. வாங்கிய முறுக்கை நானே தின்றேன்.

அவளுக்குக் கதை ஞாபகம் இருக்காது. அண்ணனைத் தம்பி என்பாள். வில்லன் எதற்குக் கெட்டவன் ஆனான் என்று கேட்டால் முழிப்பாள். ஆனால் யாராவது கண் கலங்கினால் போதும், இவள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவாள்.

படம் விட்டு வரும்போது நான் பேசிக்கொண்டே வருவேன். எந்த சீன் நீளம், எந்தப் பாட்டு எதற்கு, எல்லாம். "நீ சொல்லும்போதுதாம்ட்டி எனக்குப் படமே வெளங்குது" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ராஜபாளையத்தில் கல்யாணம் ஆனது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாக்கப்பட்டு, பாலர் பள்ளியில் டீச்சர் ஆனாள். நடுவில் அரை மணி நேர பஸ் பயணம்தான். மாதம் ஒரு படமாவது சேர்ந்து பார்த்தோம்.

அவள் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெயராணி ஒரு வருஷம் படமே பார்க்கவில்லை.

கீரை ஆய்ந்தபடி

யூடியூப் சேனல் தொடங்கியது அவள் மகள் ஷெர்லியின் வேலை. ஒருநாள் ஜெயராணி கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ சீரியலைத் திட்டியிருக்கிறாள். ஷெர்லி அதை போனில் எடுத்துப் போட்டாள். 'ஜெயராணி டீச்சர் பார்த்த படம்' என்று பெயரும் வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒன்று வந்தது. ஆறே மாதத்தில் ரத வீதியில் அவளை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பால்கோவா கடைக்காரர் அவளோடு எடுத்த படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

மில்லில் என் கீழே வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்தி, "யக்கா, டீச்சர் உங்க பிரெண்டாமே? ஒரு செல்ஃபிக்கு ஏற்பாடு பண்ணுங்கக்கா" என்றாள். அன்றைக்கு நான் அவளுடைய கோனில் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்தேன்.

பாயசம் விஷயத்தை ஜெயராணியிடம் கேட்டே விட்டேன். "ஏட்டி, அது நான் சொன்னதுல்லா?"

"ஆமா, நீ சொன்னதுதான்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "பேசும்போதே நெனச்சேன், பாக்கியம், நீ கேட்டா சிரிப்பியேன்னு. அடுத்த தடவ உம் பேரச் சொல்லிருதேன்."

"வேண்டாம்" என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்? கேட்டு வாங்குவது கேவலம் என்று பட்டது. கேட்காமல் கொடுத்திருக்க வேண்டும் என்று எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து நானும் பேசிப் பார்த்தேன். போட்டுப் பார்த்தால், அதில் ஒரு சூப்பர்வைசர் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாரும் இரண்டு நிமிஷம் எதிரே உட்கார மாட்டார்கள். அழித்துவிட்டேன்.

அவள் தப்புத் தப்பாகச் சொன்னாலும் ஜனம் கேட்டது. நான் சரியாகச் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. வயிற்றில் யாரோ ஒரு கரண்டி தணலைப் போட்ட மாதிரி இருந்தது.

கடைசி வரிசை

அந்த வாரமே பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயர், 'கடைசி வரிசை'. முகப்புப் படமாக ஒரு காலி நாற்காலி.

ஜெயராணி வீடியோ வந்த உடனே போய்க் குறை எழுதுவேன். 'டீச்சர், அது தம்பி இல்லை, அண்ணன்.' 'கல்யாண சீனில் கதாநாயகியின் வளையல் சிவப்பு, தாலி கட்டும்போது பச்சை. கவனிக்கவில்லையா?' 'போகும்போது கறுப்புக் குதிரை, வரும்போது பழுப்புக் குதிரை.' அவளை எல்லோர் முன்னாலும் மடக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயராணி கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "கடைசி வரிசைன்னு ஒருத்தர் எழுதுதாரு. எம்புட்டு உன்னிப்பா பாக்காருன்னு பாருங்க. நானெல்லாம் சும்மா அழுதுட்டு வர்றவ. படம் பாக்கணும்னா இவர மாதிரி பாக்கணும்."

கீழே நூறு பேர் 'ஆமாம் டீச்சர்' என்று எழுதியிருந்தார்கள். 'கடைசி வரிசை சார் நீங்க தனி சேனல் ஆரம்பிங்க' என்று ஒருவர். என்னை சார் ஆக்கிவிட்டார்கள்.

இனி நடந்ததை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்தக் கடைசி வரிசை மேலேயும் எனக்குப் பொறாமை வந்தது. அடுத்த முறை படம் பார்த்துவிட்டு வரும்போது ஜெயராணி என்னிடம் சொல்கிறாள்: "இந்த சீனப் பத்தி கடைசி வரிசை என்ன சொல்லுவாருன்னு தெரியலையேட்டி." பக்கத்தில் நடந்து வருகிறவளை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருத்தர் என்ன சொல்வார் என்று கேட்கிறாள்! அது நான்தான் என்று தெரிந்திருந்தும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

ஒரு படம் வந்தது. புருஷனை இழந்த ஒரு பெண், அவனுடைய போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டே இருப்பாள். எடுத்துப் பேச ஆள் கிடையாது. நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. கொஞ்சம் இழுவைதான். பின்னணி இசை அதிகம். ஆனால் நல்ல படம்.

ஜெயராணி அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தாள். இரண்டு வரி பேசினாள். நிறுத்தினாள். "நானும் பண்ணுதேன்" என்றாள். "அவிய நம்பருக்கு நாலு வருஷமா ரீசார்ஜ் பண்ணுதேன். சில நாள் நானே போன் போடுவேன். பீரோக்குள்ள மணியடிக்கும். கேட்டுட்டு வச்சிருவேன்." பொறவு போதும் என்று கையை ஆட்டினாள். வீடியோ அங்கேயே முடிந்தது.

நான் அதை மில் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். ஊரே அழுதிருக்கும். அதுவரை அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நாலு வருஷமாக மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கிறேன். பீரோவுக்குள் மணியடிப்பதை அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்குச் சொல்லாததை ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

டீ ஆறுவதற்குள் எழுதினேன். எழுதியது இதுதான்:

'செத்துப்போன புருஷனை வச்சும் வியூஸ் வாங்கலாம்னு டீச்சர் காட்டிட்டாங்க. நல்ல நடிப்பு. படத்துல நடிச்ச பொண்ண விட நல்லா நடிச்சீங்க.'

மறுநாள் அந்த வீடியோ இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புது வீடியோ வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

ஷெர்லி எனக்கு போன் பண்ணினாள். "பெரியம்மா, அம்மா போனத் தொடவே மாட்டேங்கு. என்னன்னும் சொல்ல மாட்டேங்கு. நீங்க வந்து பேசுனா கேப்பாங்க. வாரீகளா?"

"வாரேன்" என்றேன்.

நான்தான்

ஜெயராணி தரையில் உட்கார்ந்து பாலர் பள்ளிக்குக் கலர் பேப்பரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்தேன்.

"கடைசி வரிசைன்னு ஒருத்தர் எழுதுவாருன்னு சொன்னம்லாட்டி."

"ம்."

"நான் நடிச்சேன்னு எழுதிட்டாரு."

"எவனாவது எழுதுவான். அதுக்காக?"

"எவனோ எழுதுனா போகுதுன்னு விட்ருவேன். இவரு அப்படி இல்ல. வளையல் நிறம் மாறுனதக்கூட விடாத மனுசன். இதுவரைக்கும் ஒண்ணுகூட தப்பா சொன்னதில்ல. அம்புட்டு நல்லா பாக்குறவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்குன்னா, ஒருவேள நடிக்கத்தான் செஞ்சனோ?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எனக்கே தெரியலட்டி. இந்த மாசம் அவிய நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணல. கையே வரல."

அடுப்படியில் ஷெர்லி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் என் போனை எடுத்து, அந்தக் கணக்கைத் திறந்து, அவள் மடியில் வைத்தேன்.

"நான்தான்."

"என்ன நான்தான்?"

"கடைசி வரிசை."

மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவசரமே படவில்லை.

"வளையல் நீயா?"

"ஆமா."

"குதிரை?"

"ஆமா."

கடைசியில் அந்த இடத்துக்கு வந்தாள். "இதுவும் நீதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எதுக்குட்டி?"

"பொறாமை."

"எம்மேலயா?" என்று கேட்டாள். உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "பாக்கியம், எங்கிட்ட என்னட்டி இருக்கு?"

 போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அந்த ரூட்டில் நிமிஷத்துக்கு ஒரு பஸ். நான் எழுந்து வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் வீடியோ வந்தது. எனக்கு அழைப்பு மட்டும் வரவில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனது. நான் கணக்கை மூடிவிட்டேன். 'கடைசி வரிசை சார் எங்கே?' என்று யாரோ கேட்டதற்கு, "அவரு ஊர் மாறிப் போயிட்டாரு" என்று வீடியோவில் சொன்னாள். தனியாகப் படம் பார்த்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அதில் பாதியைத்தான் பிறகு இந்தப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுத ஆரம்பித்தேன். ஆசிரியர் தொடராக எழுதச் சொன்னது அப்படித்தான்.

சிவப்பு மை

இந்த அத்தியாயத்தை அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று, எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. ஆனால் வழியை விட்டாள்.

"ஒன்னப் பத்தி எழுதியிருக்கேன். நீ வேண்டாம்னா கிழிச்சுருதேன்."

வாங்கிக்கொண்டாள். டீச்சர் அல்லவா, மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் படித்து முடிக்கும் வரை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் நிறுத்தி வட்டம் போட்டாள். "'கடுமையாக ஒரு கருத்து எழுதினேன்'னு போட்டிருக்க. என்ன கருத்து?"

"அது எதுக்குட்டி, படிக்கிறவங்களுக்கு..."

"என்னப் படிக்க வச்சல்ல? அப்படியே எழுது. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மேலே நீங்கள் படித்தது அதைத்தான்.

கடைசித் தாளுக்கு வந்தாள். அதை நான் 'அவள் என்னை மன்னித்துவிட்டாள்' என்று முடித்திருந்தேன். அந்த வரி மீது கோடு போட்டு அடித்தாள்.

"இத நான் எப்பச் சொன்னேன்?"

நான் அந்தத் தாளுக்குக் கையை நீட்டினேன்.

"சொல்லும்போது எழுதிக்கோ" என்றாள். தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "மத்தபடி நல்லா எழுதியிருக்க."

அதற்குள் ஷெர்லி போன் ஸ்டாண்டை நிறுத்தி, ஃபேனை அணைத்தாள். வெள்ளிக்கிழமை போட வேண்டியதை அன்றைக்கு எடுக்கிறார்களாம். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். "உக்காருங்க பெரியம்மா. சத்தம் மட்டும் போடாதீங்க" என்றாள் ஷெர்லி. ஜெயராணி என்னைப் பார்க்காமல் தலையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். போகச் சொல்லவும் இல்லை.

சுவரோரம் உட்கார்ந்தேன். புதிதாக வந்த ஒரு குடும்பப் படத்தைப் பற்றிப் பேசினாள். மூத்த மருமகளை இளையவள் என்றாள். வீடு விற்கிற சீனை முன்னே பின்னே மாற்றிச் சொன்னாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு, அந்தப் படத்தில் அப்பா காலி வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வருவதைச் சொன்னாள். நானும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் கேமரா ஆடியதைத்தான் கவனித்திருந்தேன். அவள் சொல்லச் சொல்ல, ஃபேன் இல்லாத அந்த அறையில் வேர்த்து வழிய, அந்த அப்பாவை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நன்றாகத்தான் பேசுகிறாள். வயிறு எரிந்தது.